சோற்றோடு சமாதானம்

பத்து கிலோ எடை குறைத்தவரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆபீசில் கைதட்டு, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் 'முன்பு - பின்பு' போட்டோ, "என்ன டயட்டுன்னு எனக்கும் சொல்லேன்" என்று நாளைக்கு இருபது விசாரிப்பு. நல்ல விஷயம்தான். ஆனால் காலையில் எட்டரைக்கு மூன்று இட்லியை, மனக்கணக்கு எதுவும் போடாமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிய ஒருத்திக்கு யாராவது கைதட்டியதுண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் நானே எனக்குத் தட்டிக்கொள்ளப் பழகியிருக்கிறேன். 2022-ல் ஆரம்பித்த பழக்கம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

'சாப்பாட்டோடு நமக்குள்ள உறவு' என்று தமிழில் சொன்னால் கொஞ்சம் சிரிப்பு வரும். சாப்பாடு என்ன மாமனா மச்சானா, உறவு கொண்டாட? என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ஏளா, பசிச்சா சாப்பிடு, பசிக்கலன்னா எந்திரி. இதுக்கு எதுக்கு டாக்டரு?" என்று கேட்டாள். நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. பசித்தால் சாப்பிடுவது, போதும் என்றால் எழுந்திருப்பது - இந்த இரண்டும்தான் எனக்கு மறந்து போயிருந்தது. அதைத் திரும்பக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பாடு.

கொசுவத்தியை ரொம்பச் சுற்றாமல் சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2003-ல் வேலை கிடைத்து புனே வந்தேன். கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன் எல்லாம் இங்கேயே. 2015-ல் ஆபீசில் வருடாந்திரப் பரிசோதனை. மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்திய நிலை. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, அத்தைக்கு உண்டு. எனவே ஆச்சரியமில்லை. பரிசோதித்த டாக்டர் தலை நிமிராமல் சொன்னது நான்கே சொல்: "ரைஸ் பந்த், வெயிட் குறைங்க."

ரைஸ் பந்த்! திருநெல்வேலிக்காரியிடம்!

வெளியூரில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருந்தவரை சோறு வெறும் சோறு. ஊரை விட்டு வந்த பிறகுதான் அது ஊராகவே ஆகிவிடுகிறது. சப்பாத்தி, பாக்ரி எல்லாம் ருசியாகத்தான் இருக்கிறது. மிசல் பாவ் கிடைத்தால் விடமாட்டேன். ஆனால் மழைக்காலத்தில் காய்ச்சலோடு படுத்தால் மனசு கேட்பது குழைந்த சோறும் மிளகு ரசமும்தான். ராஸ்தா பேட்டில் போய் நம்ம ஊர் அரிசியும் அப்பளமும் வாங்கித் தூக்கிக்கொண்டு வருவது சாமான் வாங்குவதா, ஊருக்குப் போய்வருவதா என்று எனக்கு இன்னும் சந்தேகம். அதை 'பந்த்' என்று சொன்னால் அரிசி மட்டுமா நிற்கிறது?

அடுத்த ஏழு வருடம் ஒவ்வொருவர் சொன்னதையும் கடைப்பிடித்தேன். பழம் மட்டும் சாப்பிடும் வாரம். கஞ்சி, சூப் மட்டும் குடிக்கும் மாதம். தேங்காய் எண்ணெயும் பன்னீருமாக கீட்டோ. பதினாறு மணி நேரப் பட்டினி. வரகு, சாமை, குதிரைவாலி. எல்லாவற்றுக்கும் ஒரே கதைதான். முதல் இரண்டு மாதம் எடை இறங்கும், ஆபீசில் பாராட்டு. மூன்றாம் மாதம் இரவு பதினொன்றரைக்கு, வீடு தூங்கிய பிறகு, சமையலறையில் விளக்கு போடாமல் நின்றபடி சாப்பாடு. சட்டியில் மிச்சமிருந்த சோறு, குழந்தைக்கு வைத்திருந்த பிஸ்கட், கையில் அகப்பட்டது எது வேண்டுமானாலும். ருசிக்கு இல்லை, பசிக்கும் இல்லை. நிறுத்த முடியாது, அவ்வளவுதான். காலையில் மறுபடி பட்டினி. ஆறாம் மாதம் எடை பழைய இடத்துக்கு வந்து, கூட இரண்டு கிலோவையும் அழைத்து வந்திருக்கும்.

ஊருக்குப் போனால் இன்னொரு கூத்து. காலையில் பெரியம்மா, "நல்லா பெருத்துட்டியே". சாயங்காலம் சித்தி, "எளைச்சுப் போயிட்டியே, புனேல சோறு கிடைக்காதா?" ஒரே நாள், ஒரே உடம்பு. :-)

இந்த இரவுச் சாப்பாட்டுக்கு மனஉறுதிக் குறைவு என்றுதான் எல்லாரும் பெயர் வைத்திருந்தார்கள். பின்னால் படித்த ஒரு பழைய ஆராய்ச்சி வேறு விதமாகச் சொன்னது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி தொடங்கிய பரிசோதனை. போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எப்படி மறுபடி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக நடந்தது. போரில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம், வழக்கமாகச் சாப்பிடுவதில் ஏறக்குறைய பாதிதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. உடல் எடையில் கால்வாசி போயிற்று. அது எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது மனசுக்கு நடந்தது. பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே ஆனது. சமையல் புத்தகங்களை வைத்துக்கொண்டு படித்தார்கள், செய்முறைகளைச் சேகரித்தார்கள். எரிச்சல், சோர்வு, தனிமை. பட்டினி முடிந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்ட பிறகு, சிலருக்கு வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. 1950-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக இது வெளிவந்தது.

என் டயட்டுகளை அந்தப் பட்டினியோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் சூப் மட்டும் குடித்த மாதத்தில், ராத்திரி போர்வைக்குள் படுத்துக்கொண்டு செட்டிநாட்டுச் சமையல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியது ஏன் என்று அதைப் படித்ததும் புரிந்தது. வயிற்றைக் காயப்போட்டால் மூளை சாப்பாட்டைத் தவிர வேறொன்றையும் நினைக்காது. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் வேலை அது. கட்டுப்பாடில்லாமல் மறுபடி மறுபடி அளவுமீறிச் சாப்பிட நேர்வதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-ல் ஒரு தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. நோய் என்றால் சிகிச்சையும் உண்டு என்று அர்த்தம். எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் என்னைச் சிகிச்சைக்கு அனுப்பியது எந்தப் புத்தகமும் இல்லை. என் மகள். 2022-ல் அவளுக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் தோசையைப் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, ஒரு தோசையில எத்தனை கலோரி?"

ஒன்பது வயதில் நான் கேட்ட கேள்வி, "இன்னொண்ணு முறுகலா கிடைக்குமா?" என்பது. ரங்கமணி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த வாரமே ஒரு மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கினோம்.

மராத்திக்காரப் பெண்மணி. அவரும் அவரோடு வேலை செய்யும் டயட்டீஷியனும் முதலில் கேட்டது, "உங்கள் வீட்டில், ஊரில் என்ன சாப்பிடுவீர்கள்?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. முதல் ஆறு வாரத்துக்கு வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முந்தின ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. இது அவர் கண்டுபிடித்ததல்ல. கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற ஆங்கில மனநல மருத்துவர் வகுத்த சிகிச்சை முறையின் அஸ்திவாரமே இதுதானாம். பகலில் வயிறு காயாவிட்டால் ராத்திரி அது கலகம் செய்யாது. எடை மெஷினில் வாரம் ஒருநாள் மட்டும் ஏறலாம்.

கூடவே ஒரு நோட்டு. கலோரி எழுதுவதற்கில்லை. தினமும் படுக்கும் முன் ஒரு வரி: "இன்று எது கொஞ்சம் சுலபமாக இருந்தது?"

அந்த நோட்டிலிருந்து சில வரிகளை இங்கே தருகிறேன். பெரிய சாதனை எதுவும் இருக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

1. நான்கு நாள் தொடர்ந்து காலைச் சாப்பாடு. (முதல் மாதத்தில் இது மட்டும்தான்.)

2. மதியம் டப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் திறக்காமல் கேன்டீனில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். கத்தரிக்காயில் புளி கொஞ்சம் தூக்கல் என்பது தெரிந்தது. ருசி தெரிந்ததே, அதுவே விஷயம்.

3. இரவு பதினொன்றரை. பசித்தது. விளக்கைப் போட்டேன். தட்டில் தயிர்சாதம் போட்டு, ஊறுகாய் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரங்கமணி தண்ணீர் குடிக்க வந்தார். தட்டை மறைக்கவில்லை.

4. அம்மா தீபாவளிக்கு முந்திரிக்கொத்து அனுப்பியிருந்தாள். டப்பா ஒன்பது நாள் வந்தது. முந்தைய வருடங்களில் ஒன்று, திறக்காமலே பக்கத்து வீட்டுக்குப் போகும். அல்லது ஒரே ராத்திரியில் காலியாகும். ஒன்பது நாள் என்பது எனக்குப் புதிது.

5. 'மெலிந்ததும் போட்டுக்கொள்ளலாம்' என்று பெட்டியில் வைத்திருந்த ஏழு ரவிக்கைகளைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துவிடச் சொன்னேன். நான்கில் உள்தையல் இருந்தது. மற்ற மூன்றைக் கொடுத்துவிட்டேன்.

6. ஆபீஸ் போட்டோவில் முதல் வரிசையில் நின்றேன்.

7. சிக்னலில் நிற்கும்போது திடீரென்று உறைத்தது - காலையிலிருந்து சாப்பாட்டைப் பற்றி நினைக்கவே இல்லை.

இந்த ஏழாவதைத்தான் என் வாழ்க்கையின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக வைத்திருக்கிறேன். ஆனால் பாருங்கள், இதில் ஒன்றுகூட வெளியே தெரியாது. எந்த மெஷினும் காட்டாது. நாமே கவனித்து, பெயர் சொல்லி எழுதி வைக்காவிட்டால் நமக்கே தெரியாமல் போய்விடும். பத்து கிலோ குறைந்தால் ஊர் சொல்லும். தட்டை மறைக்காததை யார் சொல்வது? இந்த வைத்தியத்தில் சின்ன முன்னேற்றத்தைக் கொண்டாடச் சொல்வது அதனால்தான். கொண்டாடாவிட்டால், 'இவ்வளவு நாளாகியும் எடை அப்படியே இருக்கிறதே' என்று ஆறாவது வாரத்தில் அடுத்த டயட்டைத் தேடிப் போய்விடுவோம்.

நேர்கோட்டில் போனதா என்றால், இல்லை. 2023-ல் மாமியார் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கும் இங்கும் அலைச்சல், வேளைச் சாப்பாடு தவறியது, இரவுச் சாப்பாடு திரும்பி வந்துவிட்டது. ஆலோசகரிடம் போய், "எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து" என்றேன். அவர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "முன்பெல்லாம் இப்படி ஆனால் எத்தனை நாளில் திரும்புவீர்கள்?" யோசித்தேன். ஐந்து மாதம், ஆறு மாதம். "இப்போது?" ஒரு ராத்திரி அப்படி ஆனால், மறுநாள் காலையில் உப்புமா சாப்பிட்டிருக்கிறேன். "திங்கட்கிழமையிலிருந்து புதுசாக" என்று ஒருமுறைகூட எழுதவில்லை. விழுவதற்கும் எழுவதற்கும் நடுவில் இருந்த ஆறு மாதம் ஒரு ராத்திரியாகச் சுருங்கியிருக்கிறது. அதையும் நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

சரி, சர்க்கரை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்திய நிலையில் என்று கணக்கு வந்தது. அந்த 13.6 கோடியில் நானும் ஒருத்தி. எனவே 'மனசுக்குப் பிடித்ததைச் சாப்பிடு, மற்றதை மற' என்று என்னால் இருக்க முடியாது. ஆலோசகரும் அப்படிச் சொல்லவில்லை. சோறு தட்டுக்குத் திரும்பி வந்தது. ஆனால் தனியாக வரவில்லை, பொரியலையும் பருப்பையும் கூடுதலாக அழைத்துக்கொண்டு வந்தது. சாப்பிட்ட பிறகு நானும் ரங்கமணியும் இருபது நிமிஷம் நடக்கிறோம். கடைசியாகப் பார்த்தபோது சர்க்கரை 5.9. எடை ஒரு கிலோ இப்படி அப்படி, மூன்று வருடமாக ஏறக்குறைய அதே இடத்தில். ஆடாமல் ஓரிடத்தில் நிற்கிறதே, அதுவே எனக்கு அதிசயம்.

எடை மெஷின் காட்டும் எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்கு எங்கள் புனேயிலேயே ஒரு புகழ்பெற்ற சாட்சி உண்டு. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் ஜான் யுட்கின். உயரத்துக்கும் எடைக்குமான பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண், இரண்டு வேறு உடம்பு. இதனால் மெலிந்திருப்பவர்கள் பயப்பட வேண்டும் என்றோ, நான் கவலைப்பட வேண்டாம் என்றோ அர்த்தமில்லை. ரத்தப் பரிசோதனையும் நடையும் தூக்கமும் சொல்வதையெல்லாம் விட்டுவிட்டு ஒற்றை எண்ணின் முகத்தில் காலையில் விழிக்க வேண்டாம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

கொண்டாடுவது என்றால் நமக்கெல்லாம் இனிப்புதானே? ஆலோசகரிடம் கேட்டேன், ஒரு மாதம் நன்றாகப் போனால் மைசூர்பாகு வாங்கலாமா என்று. சிரித்துவிட்டார். "மைசூர்பாகு வேண்டும் என்று தோன்றினால் இன்றைக்கே வாங்குங்கள். அதைப் பரிசாக மட்டும் ஆக்காதீர்கள். பரிசானால் அடுத்து அபராதமும் ஆகிவிடும்" என்றார். அதனால் என் கொண்டாட்டங்கள் வேறு. ஒரு முழம் மல்லிகை. மகளோடு வாசலில் கொஞ்சம் பெரிய கோலம். பழைய பாட்டு கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் சும்மா இருப்பது. எதுவும் இல்லாவிட்டால் ரங்கமணியிடம் "இன்னைக்கு இது நடந்துச்சு" என்று ஒரு வரி. அவரும் "அப்படியா, சபாஷ்" என்று பேப்பரிலிருந்து தலையை எடுத்துச் சொல்ல வேண்டும். தலையை எடுக்காமல் சொன்னால் செல்லாது. :-)

குடும்பத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். மனைவியோ, கல்லூரி விடுதியில் இருக்கும் மகனோ, தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் தங்கையோ. வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். பெருத்ததையும் சொல்ல வேண்டாம், இளைத்ததையும் சொல்ல வேண்டாம். "பிரயாணம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் போதும். இலையில் பாசத்தோடு "இன்னும் ஒரு கரண்டி" என்று தள்ளுவதும், "உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கையைப் பிடிப்பதும் அவருடைய வயிறு சொல்வதை அவரே கேட்க முடியாமல் செய்துவிடும். பாத்திரத்தை நடுவில் வைத்து, "வேணுங்கறத எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேறு கதை பேசுங்கள்.

அம்மாகூட மாறியிருக்கிறாள். போன தடவை போனபோது என்னை மேலும் கீழும் பார்த்தாள், வாயைத் திறந்தாள், பிறகு, "வா, கை கால் கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னாள். அது அவளுடைய முன்னேற்றம். என் நோட்டில் அவள் பெயரில் ஒரு வரி எழுதினேன்.

மகளுக்கு இப்போது தோசையின் கலோரி நினைவில்லை, கேட்பதும் இல்லை. மூன்றாவது தோசை கேட்கிறாள். சில நாள் ஒன்றரைத் தோசையில் "போதும்" என்று மீதியை அப்பா தட்டில் தள்ளிவிட்டு விளையாடப் போய்விடுகிறாள். இரண்டையும் நான் அதே சந்தோஷத்தோடு பார்க்கிறேன்.

அடுத்த மாதம் ஊரில் சித்தி மகளுக்குக் கல்யாணம். மறுநாள் சாப்பாட்டில் சொதி உண்டு. தேங்காய்ப்பால், சிறுபருப்பு, காய்கறி, கூட இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும். ஏழு வருடமாகக் கல்யாணத்துக்குப் போயும் சொதிக்கு முன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்திருக்கிறேன். இந்தத் தடவை முதல் பந்தியில் இடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு சாப்பிடுவேன் என்று தெரியாது. அதை அங்கே வயிற்றைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

டிஸ்கி: நான் மருத்துவர் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, சாப்பாட்டை நினைத்தாலே வாழப் பிடிக்காமல் போவது - இப்படி இருந்தால் நோட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.